இறங்கு மரியாதை

எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள்கள் வருகின்றன. ரெண்டு பேருக்கும் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்தால் 30. அதாவது நொடிக்கு எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நாற்பது மீட்டர் தள்ளி முகம் தெரிகிறது என்றால், கையில் இருப்பது ஐந்து நொடிக்கும் குறைவு. இதற்குள் ஆளை அடையாளம் கண்டு, நமக்கு என்ன முறை, வயதில் மூத்தவரா, கடன் கொடுத்தவரா, பேசிக்கொள்கிற நிலைமையில்தான் இருக்கிறோமா என்றெல்லாம் கணக்குப் போட்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, கை மறுபடியும் ஹாண்டில்பாருக்கு வந்துவிட வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் ரியல் டைம் சிஸ்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். குண்டலுபேட்டையில் நாங்கள் இதைக் குரங்குப் பெடல் அடிக்கிற வயதிலேயே செய்தோம்.

குண்டலுபேட்டை தெரியாதவர்களுக்கு: மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற வழியில் சுமார் 60 கிலோமீட்டரில் வருமே, அந்த ஊர். அங்கேதான் ரோடு பிரிகிறது. ஒன்று பந்திப்பூர் காட்டுக்குள் புகுந்து கூடலூர், ஊட்டி என்று ஏறுகிறது. இன்னொன்று சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டுக்கு இறங்குகிறது. கிழக்கே போனால் தெரக்கணாம்பி, சாமராஜநகர். நான் பிறந்தபோது மைசூர் ஜில்லாவில் இருந்த ஊர், 1997ல் சாமராஜநகரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது அதோடு போய்விட்டது. (எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னும் மைசூர் ஜில்லாதான்.) அப்பாவுக்குக் காய்கறி மண்டி. தக்காளியையும் முட்டைக்கோசையும் மலையிறக்கி அனுப்புகிற தொழில். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், லாரிக்காரர்களிடம் மலையாளம்.

எண்பதுகளில் அந்த ரோட்டில் சைக்கிள்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு பஸ் வரும். சைக்கிளில் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் கடக்கும்போது செய்துகொள்ளும் மரியாதைக்கு எழுதாத படிக்கட்டு ஒன்று இருந்தது. கீழ்ப்படி, முகவாயைக் கொஞ்சம் மேலே தூக்குவது. அது கூடப் படிக்கிறவனுக்கு. அடுத்தது மணி. இரண்டு தடவை சுருக்கமாக 'ட்ரிங் ட்ரிங்' என்றால் வணக்கம். விடாமல் அடித்தால் வழிவிடு. ஒரே ஒரு தடவை அழுத்தி அடித்தால் அதற்கு வேறு அர்த்தம், அது பெண்கள் நடந்துபோகும் ரோடு என்றால் உதை கிடைக்கும். அதற்கும் மேலே, வலது கையை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோவது. கூடவே ஒரு 'யாவ கடெ?'. எந்தப் பக்கம் என்று கேட்பது. பதில் வருவதற்குள் அவர் பத்து மீட்டர் தாண்டியிருப்பார், பதில் யாருக்கும் தேவையும் இல்லை. எங்கள் பாட்டிக்கு மட்டும் இது பிடிக்காது. கிளம்பிப் போகிறவனை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது, 'தூரமா' என்றுதான் கேட்க வேண்டும் என்பாள்.

இன்னும் மேலே போனால் சூட்சுமமான ஒன்று உண்டு. பெரியவர் ஒருவரைக் கடக்கும்போது மிதிப்பதை நிறுத்திவிடுவது. பெடல் அசையாது, ஃப்ரீவீல் மட்டும் 'டிக்டிக்டிக்' என்று ஓடும். உங்கள் முன்னால் நான் காலை ஆட்டவில்லை என்று அர்த்தம். உலகத்தில் வேறு எங்காவது இதை மரியாதையாக வைத்திருக்கிறார்களா என்று நானும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். இதுவரை கண்ணில் படவில்லை.

உச்சியில் இருப்பது இறங்குவது. வாத்தியார், ஊர்ப் பெரியவர், மாமனார், இவர்களுக்கு. ஓடுகிற சைக்கிளில் இடது பெடல் மேல் நின்று, வலது காலைப் பின்னால் சுழற்றி, வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, ஹாண்டில்பாரைப் பிடித்தபடி நிற்க வேண்டும். அவர் கடந்து போன பிறகுதான் ஏறலாம்.

இந்த இறங்குதலுக்கு ஒரு உடை சம்பந்தமான காரணமும் இருக்கிறது என்பது என் கட்சி. நம்மூரில் பெரியவர் முன்னால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும், தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடிக்க வேண்டும். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டாமல் சைக்கிள் ஓட்ட முடியாது. சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி அதை இறக்கிவிட்டால் நேராகச் செயினுக்குள் போகும். ஆக வேட்டி கட்டியவன் சைக்கிள் மேல் இருந்துகொண்டு முழு மரியாதை காட்டவே வழியில்லை. பேண்ட் போட்டவனுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. அவன் கையைத் தூக்கிவிட்டுப் போய்விடுவான். பேண்ட் வந்த பிறகுதான் இறங்குவது குறைந்தது என்று பழைய ஆட்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. கேரியரில் சுமை இருந்தால் இறங்க வேண்டியதில்லை. இரண்டு மூட்டை தக்காளியை வைத்துக்கொண்டு இறங்கினால் மறுபடி ஏற ஆள் பிடிக்க வேண்டும். தலையாட்டினால் போதும். வாத்தியாரே 'இறங்காதே, போ போ' என்பார்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் அந்த விலக்கைச் சொன்னேன்.

அப்பாவின் மண்டியில் சுமை ஏற்றி இறக்க ஒருவர் இருந்தார். ஊருக்கு வெளியே, குளத்தைத் தாண்டி அவர் வீடு. தினமும் காலையில் எங்கள் தெரு வழியாக மண்டிக்கு வருவார். தெரு முனையில் இறங்குவார். கேரியரில் காலிச்சாக்கு இருந்தாலும் சரி, மூட்டை இருந்தாலும் சரி. முப்பது வீடுகளையும் தாண்டி மறுமுனை வரை தள்ளிக்கொண்டே போய், அங்கே ஏறிக்கொள்வார். எதிரே யாரும் வரவேண்டியதில்லை. தெரு காலியாக இருந்தாலும் இறங்குவார். ஏன் இங்கே இறங்குகிறீர்கள் என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். எனக்கு ஏழு வயது. 'இந்த இடத்துல செயின் கழண்டுக்கும் தம்பி' என்றார்.

அவருடைய செயினில் எந்தக் கோளாறும் இல்லை. மண்டியில் எல்லோரும் இரவல் கேட்கிற சைக்கிள் அது.

ஒரே செயல்தான், இறங்குவது. ஒருவன் வாத்தியாருக்கு இறங்குகிறான், இன்னொருவர் காலித் தெருவுக்கு இறங்குகிறார். இது எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், கொஞ்சம் தூரம் போக வேண்டியதாகிவிட்டது.

சைக்கிளைவிட இந்தச் சடங்கு ரொம்பப் பழையது. சைக்கிள் வருவதற்கு முன் குதிரையும் பல்லக்கும் இருந்தன. ஏறி உட்கார்ந்தவனின் தலை நடப்பவனின் தலையைவிட உயரத்தில் இருக்கிறது, அதுதான் பிரச்னையே. 1809 ஜனவரியில் பாகல்பூரில் ராஜா ராம்மோகன் ராய் பல்லக்கில் போய்க்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது. ரோட்டோரம் செங்கல் குவியல் அருகே நின்றுகொண்டிருந்த கலெக்டர் சர் ஃபிரெடரிக் ஹாமில்டனை அவர் பார்க்கவில்லை. இறங்கவும் இல்லை. கலெக்டர் துரை கண்டபடி ஏசித் தீர்த்துவிட்டார். ராய் சும்மா விடவில்லை. அந்த ஏப்ரலில் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவுக்கு நீண்ட மனு ஒன்று அனுப்பினார். இனி இப்படி நடந்துகொள்ளாதே என்று கலெக்டருக்கு மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டது. ராயின் ஆங்கில எழுத்துகளில் நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது இந்த மனு என்கிறார்கள். இந்தியாவின் நவீன அரசியல் எழுத்து 'நான் ஏன் இறங்க வேண்டும்' என்கிற கேள்வியில் ஆரம்பித்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

நூற்றுப் பத்து வருஷம் தள்ளி வாருங்கள். 1919 ஏப்ரல், பஞ்சாப். ஜாலியன்வாலா பாக் நடந்த கையோடு ராணுவச் சட்டம். அமிர்தசரஸில் ஒரு சந்தில் ஆட்களை வயிற்றால் ஊர்ந்து போகச் செய்தது எல்லோருக்கும் தெரியும். குஜ்ரன்வாலா பக்கம் போட்ட உத்தரவு அவ்வளவு பிரபலம் இல்லை. ஐரோப்பிய அதிகாரியைக் கண்டால் குதிரையிலோ சக்கர வண்டியிலோ வருகிறவர்கள் இறங்க வேண்டும், விரித்த குடையைத் தாழ்த்த வேண்டும், கையை உயர்த்தி சலாம் வைக்க வேண்டும். பிறகு விசாரித்த ஹண்டர் கமிட்டி அறிக்கையில் 'சலாம் உத்தரவு' என்றே இதற்குப் பெயர். லாகூரில் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தியர்களிடமிருந்த மோட்டார் கார்களையும் சைக்கிள்களையுமே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரன் செய்ததைச் சொன்னால் நமக்கெல்லாம் ரத்தம் கொதிக்கிறது. நல்லது. அடுத்ததையும் அதே சூட்டோடு படியுங்கள். 1930 டிசம்பரில் நம் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிட மக்கள் மேல் எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. அதை மீறியதற்குத் தண்டனையாக 1931ல் அது பதினொன்றாகப் பெருகியது. மானுடவியலாளர் ஜே.எச்.ஹட்டன் 1946ல் வெளிவந்த, இந்தியச் சாதிகள் பற்றிய தன் புத்தகத்தில் இரண்டு பட்டியல்களையும் கொடுத்திருக்கிறார். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை போடக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது. செருப்பு கூடாது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கூடாது, வீட்டுக் கதவையே பல்லக்காகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒன்று: எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் கூடாது. குஜ்ரன்வாலாவில் குடையும் வண்டியும். ராமநாதபுரத்திலும் குடையும் வண்டியும். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியதில்லை. மேலே இருக்கிறவனுக்குக் கண்ணை உறுத்துவது எங்கேயும் ஒரே சாமான்கள்தான்.

மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் ஆட்கள் வீடுகளில் இன்னொரு கதை கிடைக்கும். 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பான் படை, 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூரைப் பிடித்தது. அந்தப் படையில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தது சைக்கிளில். மலேயாவின் நல்ல தார் ரோடுகளில், வெயிலுக்கு டயர் போய்விட்டால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். அந்தச் சத்தத்தை இருட்டில் டாங்கி என்று நினைத்து எதிரிகள் பயந்ததாகச் சொல்வார்கள். பிடித்த பிறகு, சைக்கிளில் வந்த அதே படையின் காவல் சாவடிகளில் சைக்கிளில் போகிறவன் இறங்கி, இடுப்பு வளைய வணங்கிவிட்டுத்தான் நகர வேண்டும். மறந்தால் கன்னத்தில் அறை. தோட்டத்துத் தமிழர்கள் அதுவரை வெள்ளைத் துரைக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள். ஆள் மாறியது, இறங்குவது மாறவில்லை.

யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990க்குப் பிறகு தடையால் பெட்ரோல் வராமல் போனபோது குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. மாப்பிள்ளை ஊர்வலம், ஆஸ்பத்திரிக்கு நோயாளி, விறகு, ட்யூஷன், எல்லாம் சைக்கிள். 1995 கடைசியில் ராணுவம் நகரைப் பிடித்த பிறகு ஒவ்வொரு சென்ட்ரிக்கு முன்னாலும் இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்து, தாண்டியபின் ஏறுவது பழக்கமானது. அலுவலகத்தில் என்னோடு இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே யூனிஃபார்ம் போட்ட ஆளைக் கண்டால் போதும், அது பார்க்கிங் டிக்கெட் எழுதுகிறவராகவே இருந்தாலும், பிரேக்கில் கை போய்விடுகிறது என்கிறார். 25 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

என்னைச் சில நிமிஷம் நாற்காலியில் அப்படியே உட்கார வைத்தது ஒரு சட்ட வாசகம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல் வந்தது. அதை 2015ல் திருத்தினார்கள், 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. அதன் மூன்றாவது பிரிவில் புதிதாகச் சேர்த்த குற்றங்களில் ஒன்று: பொது இடத்தில் அவர்கள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறுவதையும் ஓட்டுவதையும் தடுப்பது. அதே வரியில் செருப்பு வருகிறது, புதுத்துணி வருகிறது, கல்யாண ஊர்வலத்தில் குதிரை வருகிறது. 1931 பட்டியலை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தது போல. 85 வருஷம். ஒரு நாட்டின் பார்லிமெண்ட் 21ஆம் நூற்றாண்டில் உட்கார்ந்து 'சைக்கிள்' என்ற சொல்லைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், தெரு முனையில் செயின் கழன்றது குண்டலுபேட்டையில் மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்?

அந்தச் சுமைக்காரரின் மகன் என்னைவிட நாலைந்து வயது பெரியவன். குண்டலுபேட்டையிலேயே பி.யு.சி. படித்தான். தொண்ணூறுகளின் ஆரம்பம், மாதம் நினைவில்லை. அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டுக்காரரும் கூட. தெரு முனையில் சைக்கிள் தெரிந்தது. இறங்கவில்லை. வேகமாகவும் வரவில்லை, அதுதான் விசேஷம். சாதாரணமாக மிதித்து வந்து, எங்கள் வீட்டு வாசலுக்கு நேராக மணியை இரண்டு தடவை அடித்து, வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனான். முறைப்படி எல்லாம் சரி. முகம் மட்டும் கல் மாதிரி இருந்தது. அப்பா கையைத் தூக்கினார். பக்கத்து வீட்டுக்காரர், 'பார்த்தீங்களா, அவன் அப்பன் இறங்குவான்' என்றார். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், 'இவன் செயின் நல்லா இருக்கு போல' என்றார்.

அப்பாவைப் பெரிய சீர்திருத்தவாதியாக்க இதைச் சொல்லவில்லை. அத்தனை வருஷமாக அவருடைய ஆளே அந்தத் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனதை அவரும் இதே திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இறங்காதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகன் தானாக ஓட்டியபோது தடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு அந்த முப்பது வீட்டைக் கடக்க எத்தனை நாள் ஒத்திகை தேவைப்பட்டிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

அதே காலத்தில் தெற்கே புதுக்கோட்டையில் வேறொரு கணக்கு தீர்ந்துகொண்டிருந்தது. அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனதை பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். குவாரிக்காரப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாம் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. சாய்நாத் எழுதாத ஒன்றைத்தான் நான் யோசிக்கிறேன். இந்தப் பெண்களை எதிரே சைக்கிளில் வந்த ஆண்கள் எப்படி வணங்கியிருப்பார்கள்? நான் மேலே சொன்ன படிக்கட்டில் பெண்ணுக்குப் படியே கிடையாது. தெரிந்த பெண் நடந்து போனால் குனிந்தபடி போய்விட வேண்டும், அதுதான் மரியாதை. அவளே சைக்கிளில் எதிரே வந்தால்? முகவாயைத் தூக்குவதா? மணி அடித்தால் கேலி ஆகிவிடாதா? ஆரம்பத்தில் கிண்டலும் கூச்சலும்தான் அதிகம் இருந்தது என்று தெரிகிறது. பிறகு பழகிவிட்டார்கள். ஒரு லட்சம் பேரை எத்தனை நாள் கிண்டல் செய்ய முடியும்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலை அரசாங்கமே தீர்த்து வைத்தது என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் என்று ஆரம்பித்து, 2005 வாக்கில் எல்லோருக்கும் என்று ஆக்கினார்கள். கர்நாடகத்தில் 2006-07ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொடங்கி, பல வருஷம் கொடுத்தார்கள். ஒரே நிறம், ஒரே மாடல். ஐந்து நொடிக்குள் எதிரே வருவது யார் வீட்டுப் பிள்ளை என்று சைக்கிளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இங்கே நெதர்லாந்தில் ஆட்களைவிட சைக்கிள் அதிகம். ஊருக்குள் யாரும் யாரையும் வணங்குவதில்லை. வணங்க ஆரம்பித்தால் வேலைக்குப் போய்ச் சேர முடியாது. ஊரைத் தாண்டி, வாய்க்கால் கரை ஓரப் பாதையில் போனால் 'ஹோய்' என்பார்கள். ரேஸ் சைக்கிள்காரர்கள் தங்களுக்குள் ஹாண்டில்பாரிலிருந்து நாலு விரலைத் தூக்குவார்கள், எங்களைப் போல மார்க்கெட் பையோடு போகிறவர்களுக்கு அது கிடையாது. மணி சட்டப்படி கட்டாயம், ஆனால் அடித்தால் முறைப்பார்கள். இங்கிலாந்தில் 1888லேயே, முந்திப் போகும் சைக்கிள் மணியோ விசிலோ அடித்துத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். அதற்கும் முன்னால், பெரிய முன்சக்கரம் வைத்த உயர சைக்கிள் காலத்தில், கிளப்புகள் கூட்டமாகச் சவாரி போகும்போது கூட ஒருவர் பியூகிள் ஊதிக்கொண்டு போவார். ஏறு, இறங்கு எல்லாம் பியூகிளில்தான். அவ்வளவு உயரத்திலிருந்து மரியாதைக்காக இறங்குவதாவது!

டச்சுக்காரர்களிடமும் ஒரு சைக்கிள் காயம் இருக்கிறது. 1942 ஜூனில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது யூதர்கள் தங்கள் சைக்கிள்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆன் ஃபிராங்க் தன் டயரியில் இதைக் குறிப்பிட்டிருக்கிறாள். பிறகு எல்லோருடைய சைக்கிளையும் பிடுங்கினார்கள். பல பத்தாண்டுகள் கழித்தும் ஜெர்மனியோடு கால்பந்து ஆடும்போதெல்லாம் 'எங்கள் தாத்தாவின் சைக்கிளைத் திருப்பிக் கொடு' என்பது இங்கே வழக்கமான கிண்டல். லாகூர் ஆட்கள் யாரும் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஊர்ப்பக்கம் இப்போது புது வகை சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். 2008ல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் என்ற சவாரி, பெரும்பாலும் டிசம்பரில், மைசூரையும் ஊட்டியையும் தொட்டுக்கொண்டு போகும். அது தவிர பெங்களூரிலிருந்து 200, 300, 600 கிலோமீட்டர் என்று நேரக்கணக்கு வைத்து ஓட்டுகிறவர்கள். 2009லிருந்து பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை பொது வண்டிகளுக்குத் தடை, அதனால் காட்டு வழியே போகிறவர்கள் விடிந்த பிறகுதான் நகர முடியும். மைசூரிலேயே 2017ல் பொதுச் சைக்கிள் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். பெயர் என்ன தெரியுமா? 'ட்ரின் ட்ரின்'. பெயர் வைத்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது விடிகாலையில் பந்திப்பூர் ரோட்டில் நடக்கப் போனேன். ஹெல்மெட், கூலிங்கிளாஸ், ஒட்டிய உடை என்று ஐந்தாறு பேர் வரிசையாக வந்தார்கள். எதிரே இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி. இவர்கள் கையைத் தூக்க, அவர்கள் தூக்க, ஒரு சின்னச் சந்தோஷச் சத்தம். அந்த இரண்டு பேருக்குப் பின்னாலேயே ஒரு பால்காரர். பழைய அட்லஸ், இரண்டு பக்கமும் பெரிய கேன். அவரும் சைக்கிளில்தான் வந்தார். அவருக்குக் கை தூக்க ஆளில்லை. வெறுப்போ அகம்பாவமோ அதில் இல்லை, அவர்கள் கண்ணுக்கு அவர் சைக்கிள்காரராகவே தெரியவில்லை. நாலு பேர் தாண்டிவிட்டார்கள்.

பால்காரர் மட்டும் தன் முறையை விடவில்லை. கேன் ஆடாமல், கட்டை விரலால் மணியை இரண்டு தடவை தட்டினார். பதில் அடிக்க அவர்கள் சைக்கிளில் மணியே இல்லை, எடை குறைக்கக் கழற்றிவிடுவார்கள் போல. வரிசையில் கடைசியாக வந்த ஒரு பெண் சத்தமாக 'நமஸ்காரா!' என்றாள். தப்பான உச்சரிப்பு, வடக்கத்திப் பெண்ணாக இருக்கலாம். கேன் கட்டிய சைக்கிளில் போகிறவர் திரும்பிப் பார்க்கவே கூடாது. அவர் பார்த்தார். பால் கொஞ்சம் சிந்தியது.